முதலில் ஓர் அறை, பிறகு டைப்

போர்ட் பிளேயர் டாலிகஞ்சில் இருக்கிற எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு, எனக்கு அவசரம் என்றால் மூக்கில் வியர்த்துவிடும். நான் சும்மா உட்கார்ந்து சீட்டு விளையாடுகிற நாளில் அது தங்கக் கம்பி. கரண்ட் பில் கட்டவேண்டும், இன்றுதான் கடைசி நாள் என்று உட்கார்ந்தால் மட்டும், "உங்களுக்காகச் சில மேம்பாடுகள் நடக்கின்றன, அணைத்துவிடாதீர்கள்" என்று ஒரு நீலத் திரையைக் காட்டிவிட்டுத் தியானத்தில் அமர்ந்துவிடும். யார் கேட்டது மேம்பாடு? மழைக்காலத்தில் இந்த அந்தமான் தீவுக்கு இன்டர்நெட் வருவதே பெரிய விஷயம். வருகிற கொஞ்சத்தையும் அது தன் மேம்பாட்டுக்கே குடித்துத் தீர்த்துவிடும். மேம்பட்டு எழுந்து வந்த பிறகு பார்த்தால், நேற்றுவரை இடது ஓரத்தில் இருந்த பொத்தான் நடுவில் வந்து உட்கார்ந்திருக்கும்.

பிரிண்டர் அதன் பக்கத்திலேயே, கயிற்றில் கட்டிப்போட்ட ஆடு மாதிரி கேபிளோடு நிற்கும். கம்ப்யூட்டரோ "பிரிண்டரைக் காணவில்லை" என்று சொல்லும். ஒரு ஃபைலை அழி என்றால் "நிச்சயமாகவா?" என்று கேட்கும். என் கல்யாணத்தில் புரோகிதர்கூட அப்படிக் கேட்கவில்லை. ஏதோ கோளாறு என்று அதனிடமே முறையிட்டால், "கோளாறைத் தேடுகிறேன்" என்று ஒரு கோட்டை ஓடவிட்டு, கடைசியில் "கோளாறு எதுவும் தென்படவில்லை" என்று கையை விரித்துவிடும். திருடனிடமே சாவியைக் கொடுத்துவிட்டுத் திருடனைத் தேடச் சொன்ன கதைதான். பக்கத்து வீட்டில் போய்ப் புலம்பலாம் என்றால் அங்கேயும் இதே சரக்கு, இதே நீலத் திரை. ஊரெல்லாம் ஒரே சரக்கு என்றால் யாரிடம் போய் அழுவது?

போன வாரம் சென்னையிலிருந்து மகன் வந்திருந்தான். கம்ப்யூட்டர் கம்பெனியில்தான் வேலை. நான் அதைத் திட்டுவதைக் கேட்டுக்கொண்டே பொரியல் சாப்பிட்டவன், கையைக் கழுவிவிட்டு வந்து சொன்னான்.

"அம்மா, இதுக்குள்ள இருக்கற சாஃப்ட்வேரை மொத்தமா தூக்கிட்டு வேற ஒண்ணு போட்டுத் தர்றேன். காசு கிடையாது. ஹேங்கே ஆகாது."

"வேண்டாம்."

"திட்டுறதும் நீ, விட மாட்டேங்கிறதும் நீ. என்னம்மா இது?"

கேள்வி நியாயமானது. பதில் அவன் பிறப்பதற்கு முந்தியது. எழுபதுகளின் தொடக்கத்தில் போர்ட் பிளேயரில் ஒரு சர்க்கார் ஆபீசில் நான் டெம்பரரி டைப்பிஸ்டாக இருந்தேன்.

அன்றைக்கு இந்தத் தீவில் எந்த ஆபீசுக்குப் போனாலும் டைப்ரைட்டர் ஒரே கம்பெனியுடையதுதான். எந்தக் காலத்திலோ யாரோ ஒருவர் கடலுக்கு அந்தப் பக்கம் மெயின்லேண்டில் கையெழுத்துப் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு உதிரி பாகம் அந்தக் கம்பெனியுடையது, ரிப்பன் அந்தக் கம்பெனியுடையது, ரிப்பேர் செய்கிறவன் அந்தக் கம்பெனி ஆள். வேறு மெஷின் வாங்கினால் ரிப்பனுக்கு எங்கே போவது என்று அதையே வாங்கினார்கள். அதையே வாங்கியதால் வேறு ரிப்பன் வரவில்லை. உப்புக் காற்றும் வருஷத்தில் முக்கால்வாசி மழையும் உள்ள ஊருக்கு அந்த மெஷின் ஒத்து வருமா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

எங்கள் ஆபீஸ் மெஷினுக்கு மணி அடிக்காது. வரி முடியப்போகிறது என்பதை நாமாகத்தான் ஊகிக்கவேண்டும். இடைவெளிக் கட்டையை அம்மிக் குழவி போட்டது மாதிரி ஓங்கிப் போட்டால்தான் நகரும். வரி முடிந்ததும் தாள் இருக்கிற கேரேஜைத் திருப்பித் தள்ளும் கைப்பிடி உடைந்து பல காலம் ஆகியிருந்தது. உள்ளங்கையால், தோள்பட்டையின் பலத்தைக் கொடுத்துத் தள்ளவேண்டும். ஈரம் ஏறிவிட்டால் எதுவுமே அசையாது. அதற்காக மெஷினை ஒரு மரப்பெட்டிக்குள் வைத்து, ராத்திரி முழுக்க உள்ளே ஒரு பல்பு எரியவிடுவோம். கைக்குழந்தைக்குக்கூட அந்தக் கவனிப்புக் கிடைக்காது. பவர் ஹவுஸ் கைவிட்ட ராத்திரிக்கு அடுத்த காலையில் மெஷின் எழுந்திருக்காது. ஆபீசே கையைக் கட்டிக்கொண்டு அது கண் திறக்கக் காத்திருக்கும்.

எனக்கு டைப் சொல்லிக்கொடுத்தது ஒரு வங்காளி அக்கா. திக்லிபூர்ப் பக்கம் குடியேறிய குடும்பம். எல்லோரையும் போல நானும் தீதி என்றுதான் கூப்பிடுவேன். எனக்குச் சில வருஷம் முன்னால் வேலைக்கு வந்து பர்மனென்ட் ஆனவள். சாப்பாட்டு நேரத்தில் அந்த மெஷின் முன்னால் என்னை உட்காரவைத்து முதல் பாடம் எடுத்தாள்.

"பஹலே தப்பட். ஃபிர் தக்கா. ஃபிர் டைப்."

முதலில் ஓர் அறை, அப்புறம் ஒரு தள்ளு, அதற்குப் பிறகுதான் டைப். அறை மெஷினின் இடது விலாவில், கட்டைவிரலை மடக்கி, பளீரென்று விழவேண்டும். உள்ளே சிக்கிக்கொண்டிருந்த ஏதோ ஒரு ஸ்பிரிங் "க்ளக்" என்று விடுபடும். தீதியின் அறை அவ்வளவு சுத்தமாக இருக்கும். எனக்குக் கை பழகச் சில மாதம் ஆயிற்று. நான் பிறந்ததும் வளர்ந்ததும் இங்கே. வேறு டைப்ரைட்டரைத் தொட்டதே கிடையாது. ஆகவே அறைவதும் தள்ளுவதும் டைப்பிங் என்ற கலையின் பகுதிகள் என்றே நம்பினேன். ஹார்மோனியத்துக்குத் துருத்தி மாதிரி, டைப்ரைட்டருக்கு அறை. ஊரில் எல்லா ஆபீசிலும் அதே சத்தம்தான் கேட்கும், நான் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

வருஷத்துக்கு ஒருமுறை கம்பெனி மெக்கானிக் கப்பலில் வருவார். மெஷினை அக்கக்காகப் பிரித்து, எண்ணெய் போட்டு, மறுபடி பூட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். அவர் போன மறுநாள்தான் எங்களுக்குச் சனி பிடிக்கும். பழைய கோளாறு போயிருக்கும், புதுக் கோளாறு வந்திருக்கும். பழையது எங்களுக்குப் பழகினது. புதியதை முதலிலிருந்து படிக்கவேண்டும். ஒரு வருஷம் அவர் செய்த வைத்தியத்தில் அறைய வேண்டிய இடமே இடது விலாவிலிருந்து பின்பக்கத்துக்கு மாறிவிட்டது. தீதி அவரை வங்காளியில் ஒரு பாட்டம் திட்டினாள். எனக்கு மொழி புரியவில்லை, நிம்மதியாக இருந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஹெட்கிளார்க் ஒருநாள் கூப்பிட்டார். மதுரைப் பக்கத்துக்காரர், பாதித் தமிழும் பாதி இந்தியும் கலந்து பேசுவார், கோபம் வந்தால் முழு இந்தி.

"பாரும்மா, டைப் டெஸ்ட் எடுக்க மெயின்லேண்ட்லருந்து ஒரு ஆபீசர் சாப் வர்றாரு. பாஸாயிட்டேன்னா பர்மனென்ட். இல்லேன்னா நோக்ரி கதம், வேலை காலி. அப்பறம் எங்கிட்ட வந்து அழக் கூடாது, சம்ஜீ?"

வீட்டில் வந்து சொன்னேன். இங்கே என் அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். மர மில்லில் வேலை பார்த்தவர். ராமநாதபுரத்திலிருந்து வந்தவர். அவர் எதற்கும் "முடியாது" என்று சொன்னது கிடையாது. "அடுத்த கப்பல் போகட்டும், பாப்போம்" என்பார். வெங்காயமும் செய்தித்தாளும் கப்பலில் வந்தால்தான் உண்டு என்கிற ஊரில் அது சாதாரணப் பேச்சு. நான் சைக்கிள் கேட்டபோது அப்படித்தான் சொன்னார். எத்தனையோ கப்பல் வந்தன, போயின. சைக்கிள் வரவில்லை. அப்பா அப்படிச் சொல்லிவிட்டால் அந்தப் பேச்சுக்கு அதோடு சமாதி என்று எங்கள் வீட்டில் பூனைக்குக்கூடத் தெரியும்.

அன்றைக்கு அவர் அப்படிச் சொல்லவில்லை.

"பாஸானா இங்கெ இரு, ஒன்னெ யாரு என்ன கேக்கப் போறா. ஆகலேன்னா அந்தப் பரீச்சைக்காரரு வர்ற கப்பல்லயே ஒன்னெ ஏத்தி விட்டுருவேன். ஒங்க மாமன் வீட்டுக்கு எம்புட்டு நாளைக்குச் சால்ஜாப்பு சொல்றது?"

மாமன் மகன் இங்கே வந்திருந்தபோது நான் ஒரே ஒரு தடவை பார்த்திருந்தேன். நல்ல மனிதர்தான். உரக்கடை வைத்திருந்தார். அன்று முழுக்க உரத்தைப் பற்றியே பேசினார். எனக்கு அவர்மேல் கோபமும் இல்லை, ஆசையும் இல்லை. ஆனால் காலையில் குடையைப் பிடித்துக்கொண்டு என் சம்பளத்துக்கு நானே நடந்து போகிற அந்தச் சாலையை விட்டுவிட்டு, முன்பின் தெரியாத ஊரில் யூரியா மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை. நான் மெயின்லேண்டைப் பார்த்ததுகூடக் கிடையாது. அங்கிருந்து வந்தவர்கள் எல்லோரும் அதை "ஊர்" என்றார்கள். என் ஊர் இதுதான் என்று சொன்னால் சிரித்தார்கள்.

கப்பல் வந்தது. பரீட்சை அதிகாரி வந்தார். மெட்ராஸ்காரர், தமிழர், வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. கூடவே பெட்டி பிரிக்காத ஒரு புது டைப்ரைட்டர். அதே கம்பெனி, புது மாடல். எல்லா ஊரிலும் ஒரே மாதிரி மெஷினில் பரீட்சை வைத்தால்தான் நியாயம் என்று மேலிடத்து உத்தரவாம். டெஸ்ட் முடிந்ததும் அது எங்கள் ஆபீசுக்கே என்றார். ஹெட்கிளார்க்குக்கு வாயெல்லாம் பல்.

"கொஞ்ச நேரம் பழகிப் பாரும்மா, அப்புறம் ஆரம்பிக்கலாம்" என்றார் அதிகாரி. தன் டீக் கிளாஸை மேஜையில் வைத்துக்கொண்டு என் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

நான் தாளைச் செருகினேன். முருகா என்றேன். கட்டைவிரலை மடக்கி மெஷினின் இடது விலாவில் பளீரென்று ஓர் அறை விட்டேன்.

அதிகாரி எழுந்தே நின்றுவிட்டார்.

"ஏம்மா! அதை எதுக்கு அறையறே?"

"டைப் பண்ணத்தான் சார்."

அவர் ஹெட்கிளார்க்கைப் பார்த்தார். ஹெட்கிளார்க் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். நான் தொடர்ந்தேன். இடைவெளிக் கட்டையைப் பழக்கத்தில் ஓங்கிப் போட்டேன். இரண்டு சொற்களுக்கு நடுவில் ஒரு மாட்டு வண்டி போகலாம் போல இடம் விழுந்தது. எழுத்துகளைக் குத்திய குத்தில் தாளில் ஓட்டை விழுந்து, பின்னால் இருந்த கார்பன் தெரிந்தது. வரி முடிகிற இடத்தில் "டிங்" என்று ஒரு மணி அடித்தது. என் வாழ்நாளில் டைப்ரைட்டருக்குள்ளிருந்து அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை. எதையோ உடைத்துவிட்டேன் என்று பதறி, தோள் பலம் முழுவதையும் கொடுத்துக் கேரேஜைத் தள்ளினேன். எண்ணெய் மினுங்குகிற புது மெஷின். கேரேஜ் பறந்துபோய்க் கடைசியில் மோதி, மெஷின் மொத்தமும் மேஜையில் வழுக்கி, டீக் கிளாஸை அதிகாரியின் மடியில் கவிழ்த்தது.

தீதி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். ஹெட்கிளார்க் முழு இந்திக்கு மாறினார்.

அதிகாரி நல்லவர். வேட்டியாக இருந்தால் இவ்வளவு சுட்டிருக்காது என்று மட்டும் சொல்லிவிட்டு, கைக்குட்டையால் பேண்ட்டைத் துடைத்துக்கொண்டார். "பயப்படாதே, இன்னொரு தடவை பாரு. இது ரொம்ப சுலபமான மெஷின்."

அதுதான் பிரச்சினை. இரண்டாம் தடவையும் அதே கதை. என் பத்து விரலும் சுலபத்துக்குப் பழகவில்லை. கோளாறுக்குப் பழகியிருந்தன. கோளாறே இல்லாத இடத்தில் அவை என்ன செய்யும், பாவம். துறைமுகத்தில் நிற்கிற கப்பல் ஜன்னல் வழியாகத் தெரிந்தது. எனக்கு வந்தது அழுகையா ஆத்திரமா என்று தெரியவில்லை. எழுந்து நின்றேன்.

"சார், எனக்கு எங்க பழைய மெஷின்தான் வேணும்."

"அந்த ஓட்டையா? அதுல நல்ல மெஷின்ல அடிக்கிற வேகம் வராதும்மா. நேரத்துக்குள்ள முடிக்கணும். அதுக்காக நான் சலுகை தர முடியாது."

"வேண்டாம் சார். அதைக் குடுங்க போதும்."

மேலிடத்து உத்தரவை அவர் இரண்டு தடவை படித்தார். அந்தக் கம்பெனி மெஷின் என்றுதான் இருந்தது, எந்த மாடல் என்று அதில் எங்கும் இல்லை. "சரி, உன் தலையெழுத்து" என்றார்.

பெட்டியைத் திறந்தோம். பல்பு அணைந்திருந்தது. ராத்திரி கரண்ட் போயிருக்கிறது. புது மெஷின் வருகிற சந்தோஷத்தில் பழையதை யாரும் பார்க்கவில்லை. தொட்டேன், ஐஸ் மாதிரி இருந்தது. ஒரு எழுத்துக்கூட அசையவில்லை. ஹெட்கிளார்க் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்திருப்பேன். தீதி மட்டும் "ருக், ருக்", பொறு பொறு என்று சொல்லிக்கொண்டே கேன்டீனுக்கு ஓடினாள். திரும்பி வரும்போது கையில் ஆவி பறக்கிற டீக் கெண்டி. அதைப் பெட்டிக்குள் மெஷினுக்கு அடியில் வைத்து, மேலே சாக்குப் போட்டு மூடினாள்.

டைப்ரைட்டருக்கு ஆவி பிடிக்கிற காட்சியை அந்த அதிகாரி மெட்ராசில் பார்த்திருக்க மாட்டார். பார்த்துக்கொண்டே நின்றார். கெண்டி ஆறுவதற்கு ஒன்றும் அதிக நேரம் பிடிக்கவில்லை. தீதி சாக்கை எடுத்துவிட்டு என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். நான் மெஷினுக்கு ஒன்று கொடுத்தேன். "க்ளக்" என்றது. என் உயிர் திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைப் பெருமையடிக்காமல் சொல்ல எனக்குத் தெரியாது. எங்கே மணி அடிக்கவேண்டுமோ அங்கே அடிக்காத மணி எனக்குக் கேட்டது. எந்த எழுத்து அடுத்த எழுத்தோடு சண்டைக்குப் போகும் என்று தெரிந்து, போவதற்கு முன்பே விரல் விலக்கியது. வரிக்கு ஒரு தள்ளு, பத்திக்கு ஓர் அறை. மேஜை ஆடியது, ஜன்னல் ஆடியது, ஹெட்கிளார்க்கின் மேஜையில் இருந்த தண்ணீர்க் கிளாஸ் ஆடியது. அதிகாரி "ஸ்டாப்" என்றபோது நான் கடைசி வரியைத் தாண்டி, மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பித்திருந்தேன்.

தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துத் தப்புப் பார்த்தார். பிறகு அவருக்கே ஒரு ஆசை. உட்கார்ந்து தானும் ஒரு வரி அடித்துப் பார்த்தார். மெஷின் ஒரு சொல்லோடு நின்றுவிட்டது. கூச்சத்தோடு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, லேசாக ஒரு தட்டுத் தட்டினார். அது மதிக்கவில்லை.

"நீ பாஸ்" என்றார். "ஆனா இதை எல்லாம் ரிப்போர்ட்ல எப்படி எழுதறதுன்னு எனக்குத் தெரியலே."

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். அப்பா மில்லிலிருந்து வந்து, தலையில் மரத்தூளோடு கால் கழுவிக்கொண்டிருந்தார். சொன்னேன். இரண்டாவது காலையும் நிதானமாகக் கழுவி முடித்தார்.

"மாமன் வீட்டுக்கு என்னப்பா எழுதப் போறீங்க?"

துண்டை உதறினார். "அடுத்த கப்பல் போகட்டும்," என்றார், "பாப்போம்."

நான் சமையலறைக்குள் போய், அரிசிப் பானைக்குப் பின்னால் உட்கார்ந்து, ஆசை தீர அழுதேன். அந்தக் கப்பல் ஊதிக்கொண்டு போனபோது ஆபீசில் இருந்தேன். பர்மனென்ட்காரி ஜன்னலுக்கு ஓடக் கூடாது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டேன்.

சில மாதம் கழித்து ஹெட்கிளார்க் ஒரு வேலை கொடுத்தார். பழைய மெஷின் இனி உபயோகத்துக்கு லாயக்கில்லை, கழித்துவிடலாம் என்று மேலே எழுதவேண்டும். புது மெஷினின் ரிப்பன் தீர்ந்துபோய்க் கப்பலுக்காகக் காத்திருந்தோம். புது மாடலுக்குப் பழைய ரிப்பன் பொருந்தாது. கம்பெனியின் கருணை. ஆகவே அந்தக் கடிதத்தைப் பழைய மெஷினிலேயே அடிக்கவேண்டி வந்தது. "உபயோகத்துக்கு லாயக்கில்லை" என்று எழுதுகிற இடத்தில் அது நின்றுவிட்டது. தீதி என்னைப் பார்த்தாள். எனக்கு வழக்கம்போல் அறைய மனம் வரவில்லை. விலாவில் கையை வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு வேறு வழியில்லாமல் ஓர் அறை விட்டேன். ஒரு தப்புமில்லாமல் தன் கடிதத்தைத் தானே முடித்துக் கொடுத்தது. அது போன பிறகும் பல நாள் ஆபீசை மூடும்போது தீதி காலிப் பெட்டிக்குள் பல்பைப் போட்டுவிட்டுத்தான் கிளம்புவாள். நானும் அணைக்கவில்லை.

புது மெஷினை நான் நாளடைவில் பழகிக்கொண்டேன். கெட்டிக்கார மெஷின், குறை சொல்ல முடியாது. ஆனால் அதில் யார் உட்கார்ந்தாலும் டைப் வந்தது. ஹெட்கிளார்க்குக்குக்கூட வந்தது. முன்பு மாதிரி, மெஷின் நின்றுவிட்டது என்று என்னைத் தேடி யாரும் வராண்டாவில் ஓடி வரவில்லை.

இவ்வளவையும் மகனிடம் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு மேம்பாடு இருக்கிறது என்பான். இதை அடித்து முடிப்பதற்குள் என் கம்ப்யூட்டர் இரண்டு தடவை நின்றுவிட்டது. எங்கே நிற்கும் என்று எனக்குத் தெரியும். அதற்கு முந்திய வரியிலேயே சேமித்துவிட்டேன். பின்பக்கம், விசிறி இருக்கிற ஓரத்தில், ஒரு தட்டு. ஓடுகிறது.

கிளம்புகிற அன்று காலையிலும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்று கேட்டான், விமானத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"கடைசியா கேக்கறேன்மா. மாத்திட்டுப் போயிடட்டா?"

"அடுத்த கப்பல் போகட்டும்," என்றேன், "பாப்போம்."